பாலிமோட் வரைக்கும்

ரம்பத்தைக் கையில் எடுத்த தச்சர் நேசையன் மறுபடியும் தரையில் வைத்துவிட்டார்.

"கை வரமாட்டேங்குதும்மா. இந்தப் பலகையச் சுவரோட அடிச்சதே நாந்தான். ஸாரு பக்கத்துல நின்னு, ரசமட்டம் வச்சுப் பாத்துப் பாத்து வாங்கினாவ."

"நீரு அடிச்சத நீருதான் எடுக்கணும். வேற ஆளு தொட்டா சுவரும் சேந்து வந்திரும்," என்றாள் சண்முகவடிவு.

அவள் கணவர் கணபதியப்பன் விடியற்காலையில் நெய்யூர் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். உடல் பதினோரு மணிக்குள் வந்துவிடும். வீட்டை ஒதுக்கி வைக்கச் சொல்லி அவளை முன்னால் அனுப்பியிருந்தார்கள். அழுவதற்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

ஐப்பசி மழை மூன்று நாளாக விடாமல் பெய்து முற்றத்தில் தண்ணீர் கட்டி நின்றது. உடலை வைக்கும், கரண்டில் ஓடுகிற பிரீசர் பெட்டியை அங்கே வைக்க முடியாது. படுக்கையறை வாசலில் பெட்டி திரும்பாது. மிச்சமிருப்பது முன்னறை மட்டும். அங்கேதான் பதினாலடி நீளப் பலகையில், அறையின் பாதியை அடைத்துக்கொண்டு, அயர்லாந்து தேசத்து ரயில்பாதை கிடந்தது. அதற்கு இடம் போதவில்லை என்று சோபாவையே தம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மனிதர்.

மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர்கள் கோயில் கமிட்டியில் சேர்வார்கள், வாழைக்கு மண் அணைப்பார்கள். இவர் பொம்மை ரயில் விடுகிறாராம் என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். மகள் ஹரிதா அந்த நாட்டில் ஸ்லைகோ என்ற ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷன் சுஜித்தோடு குடியிருப்பது பாலிமோட்டில். நடுவில் கலூனி என்று ஒரு ஸ்டேஷன். பலகையில் இருந்தது அந்த மூன்று ஊர்தான். மகள் வேலைக்குப் போகிற நேரத்துக்குச் சரியாக இங்கேயும் மூன்று பெட்டி ரயில் புறப்படும். அது ஸ்லைகோ போய் நின்ற பிறகுதான் கணபதியப்பன் சாப்பாட்டில் கை வைப்பார்.

முதலில் கடையில் விற்கிற தண்டவாளத்தைத்தான் வாங்கிப் பதித்திருந்தார். மூன்று வருஷம் ஓடியது. பிறகு ஒருநாள் எதையோ படித்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அயர்லாந்துத் தண்டவாளத்தின் அகலம் மற்ற நாடுகளைப் போல இல்லையாம். ஐந்தடி மூன்று அங்குலமாம். பொம்மைக் கணக்குக்கு இருபத்தொரு மில்லிமீட்டர் வர வேண்டும். பதித்தது பதினாறரை. அன்றைக்கே அத்தனையையும் பிடுங்கிப் போட்டார்.

"நாலரை மில்லிமீட்டர எவன் ஸ்கேல் வச்சு அளக்கப் போறான்?" என்று கத்தினாள் சண்முகவடிவு.

"பிள்ள தெனமும் போற பாதை. தப்பா இருக்கப்பிடாது."

அந்த அகலத்துக்கு அவருக்கு ஒரு கடையிலும் தண்டவாளம் அகப்படவில்லை. கட்டைகளைத் தானே சீவினார். கம்பிகளைத் தானே பற்றவைத்தார். வாங்கின சக்கரங்களையெல்லாம் அச்சில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அகட்ட வேண்டியிருந்தது. கை நடுங்க ஆரம்பித்ததும் அந்த வேலை சண்முகவடிவின் தலையில் விழுந்தது. திட்டிக்கொண்டேதான் செய்தாள். ஆனால் அவள் அகட்டிய சக்கரம் ஒன்றுகூடத் தடம் புரண்டதில்லை. அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

கொழுந்தன் முருகதாஸ் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார்.

"மைனி, ஒண்ணு சொல்லட்டா? சாயங்காலமே எடுத்திருவோம். பெட்டி வேண்டாம். வெறும் பெஞ்சுன்னா இப்படி ஓரமா போட்டுக்கிடலாம். இத அறுக்க வேண்டாம்."

"ஹரிதாவுக்கு?"

"போன்ல காட்டுவோம். இப்போ எத்தன வீட்டுல அப்படி நடக்கு. அண்ணன் பதினோரு வருஷம் இருந்து செஞ்சது மைனி. போன அன்னைக்கே அறுத்துப் போட்டா மனசு கேக்குமா?"

ஊரில் இந்த ரயிலைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் அவர்தான். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. சண்முகவடிவு பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

போன் அடித்தது.

"அம்மா, நைட் டியூட்டியில இருந்து அப்படியே ஸ்டேஷனுக்கு வந்துட்டேன். இந்த ரயில்ல போயித்தான் பிளைட் பிடிக்கணும், டிக்கெட் போட்டாச்சு. நாளைக்கு விடியும்போ திருவனந்தபுரத்துல இருப்பேன். சுஜித் பாஸ்போர்ட்டும் பையும் எடுத்துக்கிட்டு பாலிமோட் ஸ்டேஷன்ல வந்து நிப்பான்." ஹரிதா மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு நிறுத்தினாள். "அம்மா, நான் வரும்போ அப்பா இருப்பாவளா?"

"இருப்பாவ மக்கா. நீ வா."

போனை வைத்துவிட்டு நேசையனைப் பார்த்தாள். "அறும்."

"மைனி..."

"அவ எந்தப் பாதையில போறா வாறான்னு தெரியத்தான் இவ்வளவும் செஞ்சாவ. இப்போ அவளே வாறா தாஸ்."

கட்டிங் பிளேயரை எடுத்து முதல் தண்டவாளத்தை அவளே வெட்டினாள். சின்னச் சத்தம்தான் கேட்டது. அதற்குப் பிறகு கண்ணீர் நிற்கவில்லை. நாலு இடத்தில், இரண்டிரண்டு கம்பியாக, அழுதுகொண்டே வெட்டினாள். நேசையன் ரம்பத்தை வைத்தார். மரத்தூள் விழுந்தது. முருகதாஸ் வந்து பலகையின் மறுமுனையைத் தாங்கிப் பிடித்தார்.

பதினொன்றே கால் ஆனது உடல் வர. பெட்டி முன்னறையில் சரியாகப் பொருந்தியது. பெண்கள் அழுது ஓய்ந்த நேரத்தில் மறுபடியும் போன் வந்தது. ஹரிதா ரயிலில் ஏறியிருந்தாள். அவளால் பேச முடியவில்லை. விம்மலும் ரயில் சத்தமும் மட்டும் வந்தன.

சண்முகவடிவு பெட்டியை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

"அழாத மக்கா. இப்போ கலூனி வரும், பாரு. அங்க கொஞ்ச நேரந்தான் நிக்கும். அப்புறம் பாலிமோட். ஸ்டேஷன் பக்கத்துல இடிஞ்ச கோட்டை ஒண்ணு தெரியும்லா? அது வந்ததும் எந்திச்சு வாசல்ல போய் நில்லு. சுஜித் தேட வேண்டாம்."

"சரிம்மா."

கலூனி போனது. பாலிமோட் வந்தது. சுஜித்தின் குரல் கேட்டது, கதவு மூடுகிற சத்தம் கேட்டது. ரயில் நகர்ந்தது.

"பை கெடச்சிற்றா?"

"கெடச்சாச்சு. வச்சிராதம்மா. பேசிக்கிட்டே இரு. அடுத்தது என்னம்மா?"

சண்முகவடிவு கண்ணாடிக்குள் இருந்த முகத்தைப் பார்த்தாள்.

"இதுக்கு அங்கிட்டு எனக்குத் தெரியாது மக்கா. அப்பா பாலிமோட் வரைக்குந்தான் போட்டிருக்காவ. நீ பாத்துச் சொல்லு."

வெகுநேரம் ரயில் சத்தம்தான் கேட்டது. பிறகு ஹரிதா அடுத்த ஸ்டேஷனின் பெயரைச் சொன்னாள். சண்முகவடிவு பெட்டியின் பக்கம் குனிந்து, அவர் காதுக்கு நேராக, அதைத் திருப்பிச் சொன்னாள்.