நாலே கால் ரூபா

"நாலே கால் ரூபாங்கன்னுதான் சொன்னேன். அதுல என்னடி பொய் இருக்கு?"

"அய்யோ அத்தை! பறக்கும் படைக்காரங்ககிட்ட போயி யாராவது அப்படிச் சொல்லுவாங்களா?"

"வேற எப்படிச் சொல்றது? மார்க்கெட்ல எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க?"

யாழினி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள். சிரித்தால் அத்தை கோபித்துக்கொள்வாள். ஆனால் சிரிக்காமல் எப்படி இருப்பது?

காந்தி மார்க்கெட் வாழைமண்டியில் ஒரு லட்சத்துக்கு ஒரு ரூபா என்று பெயர். லட்சம் என்ற சொல்லை அங்கே யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். சுவருக்குக் காது இருக்கிறது, அந்தக் காதுக்குப் பின்னால் வரி ஆபீஸ் இருக்கிறது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. தொட்டியத்தில் குத்தகை நிலத்தில் வாழை போடும் அத்தை பொன்னுத்தாய், அங்கே ராமரின் மண்டிக்குத்தான் தார் அனுப்புவாள். இரண்டு வெள்ளாமைப் பணத்தை வாங்காமல் அவரிடமே விட்டு வைத்திருந்தாள். அன்றைக்கு மொத்தத்தையும் ரொக்கமாக வாங்கி, மஞ்சள் பையில் போட்டு, ஆட்டோவில் ஸ்ரீரங்கத்துக்குப் புறப்பட்டாள். அங்கேதான் அவளுடைய நிலத்துக்காரர் இருந்தார். குத்தகைக்கு உழுத அந்த அரை ஏக்கரையே அவள் பேருக்குக் கிரயம் செய்து கொடுப்பதாகப் பேச்சு. அட்வான்ஸ் போக மீதியை ரொக்கமாகத்தான் தர வேண்டும் என்றிருந்தார்.

தேர்தல் நேரம். காவிரிப் பாலத்து இறக்கத்தில் பறக்கும் படை ஆட்டோவை நிறுத்தியது. ஐம்பதாயிரத்துக்கு மேல் கொண்டுபோனால் கையில் ஆதாரம் வேண்டும்.

"பையில எவ்வளவும்மா இருக்கு?"

"நாலே கால் ரூபாங்க."

படைக்காரர் சிரித்துவிட்டு ஆட்டோவை விடப் பார்த்தார். கூட இருந்த போலீஸ்காரருக்குத்தான் பை கனம் சந்தேகம் தந்தது. பிரித்துப் பார்த்ததும் சிரித்தவர் முகம் கறுத்துவிட்டது. தொகையைக் குறைத்துச் சொல்லி மறைக்க முயன்றார் என்று எழுதி, பணத்தை சீல் வைத்துக் கருவூலத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

"திங்கக்கிழமை முறையீட்டுக் குழுவுல வரச் சொல்லியிருக்காங்க. இது வாழைத்தார் வித்த காசுதான்னு ராமரண்ணன் ஒரு லெட்டர் குடுத்தா போதுமாம். அன்னிக்குக் காலையில தரேன்னு சொல்லியிருக்காரு" என்றாள் பொன்னுத்தாய். "நீ படிச்ச புள்ள. அன்னிக்குக் கூட வந்து ரெண்டு வார்த்தை பேசு. புதன்கிழமைக்குள்ள பணம் குடுக்கலன்னா நிலத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாரு."

"வரேன் அத்தை. பேசுறதுக்குத்தானே நான் இருக்கேன்!"

"ஆனா ஒண்ணு. ராமரண்ணன் பேரு வெளிய வரக்கூடாது. இவ்வளவு ரொக்கம் குடுத்தாருன்னு தெரிஞ்சா மண்டிக்கு ஆளு வந்துருவாங்களாம். லெட்டரு விஷயம் குழுவோட நின்னுரணும்னாரு. மூச்சு விடாத, கண்ணு."

"சத்தியமா."

யாழினியின் அப்பா தங்கையன் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது அக்காளும் மகளும் சேர்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல குடும்பம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரிகள் சங்கத்து ஆண்டு விழா. அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் பட்டிமன்றம். அரசின் கடன் சுமைக்குப் பெரிதும் காரணம் கட்டுக்கட்டாய்ப் புழங்கும் ரொக்கமா, கணக்கில்லாமல் செய்யும் செலவா? ரொக்கமே என்ற அணியில் யாழினி. முதல் பெரிய மேடை. இதற்காக ஒரு மாதம் குளியலறைக் கண்ணாடியிடம் பேசிப் பழகியிருந்தாள். சங்கத் தலைவர் என்ற முறையில் ராமர் மேடையில், நடுவருக்குப் பக்கத்து நாற்காலியில். மறுநாள் லெட்டர் தரப்போகிறவர் கூப்பிட்ட விழா என்பதால் பொன்னுத்தாய் புதுச் சேலை கட்டி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

நடுவர் பீமராவ், பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். "கட்சி பேரு, சின்னம், கொடி எதைச் சொன்னாலும் மைக்கைப் புடுங்கிருவேன்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

எதிரணியில் பிரவீன்ராஜ். எழுந்ததுமே மண்டபம் அவன் பாக்கெட்டில்.

"நடுவர் அவர்களே! வாழைத்தாருக்கு ரொக்கம் குடுக்காத, செக் குடுன்றாங்க. செக் பவுன்ஸ் ஆகும். தார் பவுன்ஸ் ஆகுமா? கீழ போட்டா கூழாயிடும்! வட்டி கட்டறதுக்கே கடன் வாங்குது அரசாங்கம். என் மச்சானும் அப்படித்தான் வாங்குறான். ஆனா அவனை யாரும் வளரும் பொருளாதாரம்னு சொல்றதில்லையே!"

கைத்தட்டல் ஓய்வதற்குள் யாழினி முறை வந்துவிட்டது. கணக்கில் வராத ரொக்கம், அதனால் வராத வரி, அந்தப் பள்ளத்தை நிரப்ப வாங்கும் கடன், அந்தக் கடனுக்கு நாளைக்குப் பிறக்கும் குழந்தை கட்டப்போகும் வட்டி. எல்லாம் சரியான பேச்சு. ஆனால் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து சாம்பார் வாசனை வந்தது. முதல் பந்திக்கு இடம் பிடிக்க ஆட்கள் எழுந்தார்கள். ஒருவர் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு அவளுக்கு நேர் எதிரே நடந்து போனார்.

பீமராவ் மணியைத் தட்டினார். "பாப்பா, இது பட்ஜெட் கூட்டத்தொடர் இல்ல. பந்திக்கு முன்னாடி பேசுறவங்க பசியவிட ருசியாப் பேசணும்."

மண்டபம் அவளைப் பார்த்துச் சிரித்தது. காது மடல் எரிந்தது. பிரவீன்ராஜ் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நீட்டினான், பாவம் பார்ப்பதுபோல. அதுதான் பொறுக்கவில்லை.

"சரிங்க நடுவரே, ருசியாவே சொல்றேன்! போன வாரம் ஒரு அம்மா. ஆட்டோவுல போறாங்க. பறக்கும் படை நிறுத்துது. பையில எவ்வளவும்மா? அந்தம்மா சொல்றாங்க..." குரலை இழுத்து, தலையைச் சாய்த்து, அத்தையை அப்படியே உரித்து வைத்தாள். "நாலே கால் ரூபாங்க!"

வியாபாரிகள் மொத்தப் பேரும் நாற்காலியோடு குலுங்கினார்கள். ரூபா என்றால் என்ன என்று அந்த மண்டபத்தில் தெரியாத ஆள் ஏது? பந்திக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். செல்போன்கள் உயர்ந்தன. மூன்றாவது வரிசையில் பொன்னுத்தாயும் சிரித்தாள். தம்பி மகள் இத்தனை பேரைச் சிரிக்க வைக்கிறாளே என்ற பூரிப்பில், சிரிப்பது தன்னைப் பார்த்துத்தான் என்பது அவளுக்கு உடனே உறைக்கவில்லை.

யாழினிக்கு இப்போது கால் தரையில் இல்லை. மைக்கைக் கையில் எடுத்தாள். துப்பட்டாவைச் சுருட்டி வயிற்றோடு அணைத்துக்கொண்டு மேடையில் ஆடி ஆடி நடந்தாள்.

"பைய இப்படியே வயித்துல வச்சுக் கட்டிப் புடிச்சிருக்காங்க! போலீஸ்காரர் கேக்குறாரு, எத்தனை மாசம்மா? அந்தம்மா சொல்றாங்க, ரெண்டு வெள்ளாமைங்க!"

மண்டபம் அலறியது. பொன்னுத்தாய்க்கு மூன்று தரம் கரு தங்கவில்லை. மூன்றாவது தரம் அரசு ஆஸ்பத்திரி வாசலில் அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தவள் யாழினியின் அம்மா. இது யாழினிக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாளா, வாயில் வந்ததைச் சொன்னாளா என்று கேட்டால், சிரிப்பு வரும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. பொன்னுத்தாயின் சிரிப்பு பாதியில் நின்று, முகத்தில் அப்படியே காய்ந்துபோனது.

பிரவீன்ராஜ் குறுக்கே எழுந்தான். பட்டிமன்றத்தில் அதுதானே வழக்கம். "கதை நல்லா இருக்கு. எந்த மண்டிங்க அது?"

"தலைவரே மேடையில உக்காந்திருக்கும்போது அதை நான் எப்படிங்க சொல்றது!"

விசில் பறந்தது. ராமரும் வாய்விட்டுச் சிரித்தார். கையைத் தட்டினார். கண் மட்டும் அசையவில்லை.

ரொக்கமே காரணம் என்று தீர்ப்புச் சொன்னார் பீமராவ். சிறந்த பேச்சாளர் கேடயம் யாழினிக்கு.

சாப்பாட்டுக் கூடத்தில் ராமரே பக்கத்தில் நின்று அவள் இலையில் ஜாங்கிரி வைக்கச் சொன்னார். "பிரமாதம் பாப்பா! அடுத்த மாசம் பினாங்குல நம்ம ஆளுங்க விழா. பேச்சாளர் கேட்டிருக்காங்க. பாஸ்போர்ட் இருக்கா?"

"எடுத்துருவேங்க சார்!"

பொன்னுத்தாய் பந்தி ஓரமாக வந்து நின்றாள். யாழினியை அவள் பார்க்கவில்லை. "அண்ணே, காலையில எத்தனை மணிக்கு வரட்டும்?"

"எதுக்கும்மா?"

"லெட்டருக்குங்க."

ராமர் சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார். எல்லார் கையிலும் செல்போன், எல்லாவற்றிலும் அந்த வீடியோ. "எந்த லெட்டரு? அம்மா, நீங்க யாருன்னே எனக்கு ஞாபகம் இல்லியே. தாரு கொண்டாந்து போடுறவங்க ஆயிரம் பேரு." பிறகு யாழினியிடம் குனிந்து, சிரித்த முகமாகவே சொன்னார்: "மேடையில சொன்னது ஜோக்குதான பாப்பா? ஜோக்குன்னா கற்பனை. கற்பனையா நல்லாப் பேசுற பொண்ணுன்னுதான் பினாங்குக்குச் சொல்லப் போறேன்."

யாழினி ஜாங்கிரியைப் பிட்டாள். "கற்பனைதாங்க சார்."

மறுநாள் காலை பொன்னுத்தாய் மண்டிக்குப் போனாள். முதலாளி ஊரில் இல்லை என்றார்கள். உள்ளே அவர் இருமும் சத்தம் கேட்டது. அங்கிருந்து நேரே குழுவுக்கு வந்தாள். சொன்ன சொல்லுக்கு யாழினியும் வந்திருந்தாள். பெஞ்சில் இருவருக்கும் நடுவே இன்னும் இரண்டு பேர் உட்காரலாம்.

உள்ளே மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்த அம்மாள் மனசுள்ளவள். படைக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு, "நீங்க சொன்ன மண்டிக்காரருக்கு போன் பண்ணுனோம். உங்களைத் தெரியாதுன்னுட்டாரு. வேற ஆதாரம் இருக்காம்மா?" என்றாள்.

"இல்லீங்க. எல்லாம் வாய் வார்த்தைதாங்க" என்றாள் பொன்னுத்தாய்.

அதிகாரி அம்மாள் தன் செல்போனைத் திருப்பிக் காட்டினாள். துப்பட்டாவை வயிற்றோடு அணைத்தபடி யாழினி அதில் ஆடிக்கொண்டிருந்தாள். "இது நீதானம்மா? வாட்ஸப்புல ஊரெல்லாம் ஓடுது. நல்லாக் கேட்டுக்க. இது நிஜமா நடந்ததுன்னு நீ எழுதிக் குடுத்தா, அந்த மண்டிக்காரரை நேர்ல வரவச்சு மார்க்கெட்ல விசாரிப்பேன். அவரு குடுத்ததுதான்னு தெரிஞ்சா இவங்க காசு நாளைக்கே கைக்கு வந்துரும். நிஜமா, இல்ல மேடைக்காகச் சொன்னதா?"

பொன்னுத்தாய் முதல் தடவையாகத் திரும்பி மருமகளைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. சும்மா பார்த்தாள்.

பாஸ்போர்ட்டுக்கு அன்று காலைதான் யாழினி ஆன்லைனில் பணம் கட்டியிருந்தாள்.

"மேடைக்காகச் சொன்னதுங்க மேடம்."

"நிச்சயமா?"

"ஆமாங்க. கைத்தட்டலுக்காக."

அதிகாரி அம்மாள் பொன்னுத்தாயைப் பார்த்தாள். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"அவ சொல்றது சரிதாங்க" என்றாள் பொன்னுத்தாய். "கைத்தட்டலுக்காகத்தான் சொன்னா."

வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போகலாம் என்று வழி சொல்லி அனுப்பினார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. யாழினி அத்தையின் கையைப் பிடிக்கப் போனாள். "அத்தை, நான் நிஜம்னு சொல்லியிருந்தாலும் ராமர் சார் இல்லைன்னுதான் சாதிச்சிருப்பாரு. காசு வந்திருக்காது அத்தை. யோசிச்சுப் பாருங்களேன்."

பொன்னுத்தாய் கையை உதறவில்லை. ஒரு துணியை எடுத்துத் தள்ளி வைப்பதுபோல மெதுவாக விலக்கினாள். "உங்கப்பன்கிட்ட நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. நீயே சொல்லு. நீ சொன்னாத்தான் நல்லா இருக்கும். அவனும் விழுந்து விழுந்து சிரிப்பான்."

தொட்டியம் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

புதன்கிழமை அந்த அரை ஏக்கர் வேறொருவர் பேருக்குக் கிரயமானது. வாங்கியவர் குலை தள்ளி நின்ற வாழையைக்கூட விட்டு வைக்கவில்லை, சாய்த்துவிட்டு மனைக்கல் நட்டார். தங்கையன் அக்காவைப் பார்க்கத் தொட்டியம் போனான். அவள் கதவைத் திறக்கவே இல்லை. என்ன நடந்தது என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. யாழினி பினாங்கு போய்ப் பேசிவிட்டு வந்தாள். அங்கேயும் நல்ல கைத்தட்டல்.

ஆனால் அவள் சொன்ன அந்தக் கணக்கு இருக்கிறதே, உண்மையைச் சொல்லியிருந்தாலும் காசு வந்திருக்காது என்ற கணக்கு, அது சரியாகவும் இருக்கலாம். ராமர் சாதிக்கக் கூடியவர்தான். மார்க்கெட்டில் அவருக்கு எதிராக ஒருத்தரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்தான். அப்படியானால் பினாங்கும் கைநழுவி, காசும் போய், இரண்டு பேருக்குமே ஒன்றும் மிஞ்சியிருக்காது. நீங்க என்ன சொல்றீங்க? அந்த ரூம்ல, அந்த மேடத்துக்கு முன்னாடி, யாழினி இடத்துல நீங்க நின்னிருந்தா, காசு வராதுன்னு தெரிஞ்சும் நிஜம்னு சொல்லியிருப்பீங்களா?