இலை கொட்டும் என்று சொல்லாத அட்டை

அண்ணி என்னை 'விளம்பரம்' என்றுதான் கூப்பிடுவாள். பதினோரு வருடமாக ஒரு விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதுகிறேன், அதனால் வந்த பெயர். "விளம்பரம் குளிச்சாச்சா?", "விளம்பரத்துக்கு இன்னொரு கரண்டி சோறு வைக்கவா?" என்று தினமும் காதில் விழும். அண்ணன் முதலில் சிரித்தான். இப்போது அவனும் அப்படியே கூப்பிடுகிறான்.

அண்ணி நடத்துவது ஒரு சிறிய நர்சரி. வீட்டை ஒட்டிய மனையில் பச்சை வலைக்கூரை, அதன் கீழே நானூறு தொட்டிகள். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு தட்டையான மரக்குச்சி செருகியிருக்கும். பேனா மை தண்ணீரில் ஓடிவிடும் என்பதால் பென்சிலால் எழுதியிருப்பாள். செடியின் பெயரை எழுத மாட்டாள். அதன் குணத்தை எழுதுவாள். 'தண்ணி கேக்குற மாதிரி நடிக்கும். விரலை மண்ணுல விட்டுப் பாத்துட்டு ஊத்துங்க.' 'பூ இந்த வருஷம் இல்லை.' 'வெயில் பிடிக்கும், ஆனா மத்தியான வெயில் பிடிக்காது. நம்மள மாதிரிதான்.'

எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கை பரபரக்கும்.

"அண்ணி, வாங்க வர்றவங்களை நீங்களே பயமுறுத்துறீங்க."

"பயப்படுறவங்க செடி வாங்க வேணாம்."

தெருமுனையில் பெரிய தோட்டக்கடை ஒன்று திறந்த பிறகு அண்ணியின் பேச்சில் இந்த மிடுக்கு குறைந்தது. அங்கே கண்ணாடிக் கதவு, சீருடை, செடியைச் சுற்றித் தர வண்ணக் காகிதம். இங்கே வருபவர்கள் பாதியாகிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் எதிர்வரிசை அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து கேட்டார்கள். கீழ்க்கூடத்துக்கும் எல்லா மாடி நடைவழிகளுக்கும் செடி வேண்டும், வருடம் முழுக்கப் பராமரிப்பும் வேண்டும். இரண்டு கடைகளும் மாதிரிக்கு ஒரு செடியைப் பத்து நாள் கூடத்தில் வைக்க வேண்டும், அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூடி முடிவு செய்வார்கள். இது கிடைத்தால் நர்சரி நிற்கும். கிடைக்காவிட்டால் அண்ணி பழையபடி மருந்துக்கடை கவுன்ட்டருக்குப் போய் நிற்க வேண்டியதுதான். அதை அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், பாத்திரம் துலக்கிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி.

"நான் செஞ்சு தரேன் அண்ணி. கடைக்கு ஒரு பேரு, ஒரு அட்டை, முறையா."

"உனக்குத் தெரிஞ்ச தொழில். நான் வாயைப் பொத்திக்கிறேன்."

அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கடைக்குத் 'தளிர்' என்று பெயர் வைத்தேன். வெளிர்பச்சை அட்டையில் மெல்லிய எழுத்தில், 'உங்கள் இல்லத்தில் என்றென்றும் பசுமை.' அண்ணி தேர்ந்தெடுத்தது ஒரு ஃபைக்கஸ், ஆள் உயரம், பளபளவென்று சின்னச் சின்ன இலைகள். அண்ணன் வண்டியில் ஏற்றும்போது அட்டைக்குப் பக்கத்தில் அந்த மரக்குச்சியும் நின்றது. அழுக்கு விரல்ரேகை படிந்த, பென்சில் கிறுக்கல் குச்சி. யாரும் பார்க்காதபோது பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் படிக்கவில்லை.

ஏன் பிடுங்கினேன் என்று பிறகு நிறைய யோசித்தேன். அழகுக்காக என்பது பாதி உண்மை. எங்கள் அலுவலகத்தில் 'இல்லை', 'ஆனால்', 'சில சமயம்' என்ற சொற்களைக் கண்டாலே அடித்துவிடுவோம். பதினோரு வருடம் அடித்துப் பழகிய கை, அலுவலகம் முடிந்து வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. என் கல்யாணம் நின்றுபோனபோது ஊரெல்லாம் 'இப்போதைக்குத் தள்ளி வச்சிருக்கோம்' என்று சொல்லித் திரிந்தவள் நான். அந்த மாப்பிள்ளை வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டு குழந்தையும் பெற்ற பிறகும் ஒரு சித்தி, "தள்ளி வச்ச கல்யாணம் எப்பம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை குடியிருப்பின் செயலாளர் ஃபோன் செய்தார். அண்ணி "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "கொட்டத்தான் செய்யும். குச்சியில எழுதியிருந்தேனே" என்றாள். மறுமுனையில் என்ன சொன்னார்களோ, மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் கைப்பையைத் திறந்தேன்.

'இடம் மாத்தினா கோவிச்சுக்கிட்டு இலையைக் கொட்டும். மூணு வாரம் பொறுங்க, திரும்பத் துளிர்க்கும். பாவம்னு நினைச்சு மறுபடி நகத்தாதீங்க.'

அவர்கள் பாவம் என்று நினைத்து நான்கு முறை நகர்த்தியிருந்தார்கள்.

அண்ணி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, சாப்பிடு" என்று மட்டும் சொன்னாள். அண்ணன்தான் தட்டைப் பார்த்தபடி, "விளம்பரம் வேலை செஞ்சுடுச்சு போல" என்றான். அவன் முதுகில் ஒன்று வைத்தாள் அண்ணி.

மறுநாள் கூடத்தில் முப்பது பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மூலையில் பெரிய கடையின் ரப்பர் செடி, தடித்த கரும்பச்சை இலைகளோடு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. மாடிப்படிக்குக் கீழே நம் ஃபைக்கஸ், தண்டும் வெட்கமுமாக. செயலாளர் நெற்றியில் ஏற்றிவைத்த கண்ணாடியைச் சட்டைப்பையில் தேடிவிட்டு, கண்டுபிடித்து, அட்டையைச் சத்தமாக வாசித்தார்.

"என்றென்றும் பசுமை. உங்க ஊர்ல என்றென்றும்னா ஒரு வாரமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான், குத்தல் இல்லை. அதனாலேயே அதிகம் வலித்தது. 'புதிய சூழலுக்கேற்பத் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது' என்று ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். இரவு பாதி விழித்து எழுதியது. எழுந்து நின்றதும் அது நாக்கு வரை வந்தது. பக்கத்தில் அண்ணி, விளிம்பில் மண் காய்ந்திருந்த விரல்நகங்களை மடியில் மறைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அந்த அட்டை நான் எழுதினதுங்க. பொய்" என்றேன். "இலை கொட்டும்னு எங்க அண்ணி முன்னாடியே எழுதி வச்சிருந்தாங்க. அது அழகா இல்லைன்னு நான்தான் பிடுங்கிட்டேன். அது இருந்திருந்தா நீங்க நகத்தியிருக்க மாட்டீங்க. செடி மேல தப்பில்லை, அவங்க மேலயும் இல்லை."

குச்சியை நீட்டினேன். செயலாளர் அதையும் வாசித்தார். இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி வந்தது. நடுவரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். நான்காம் மாடியில் இருக்கும் பல் டாக்டர்.

"இருங்க. நீங்க குச்சிக்கடையா?"

அண்ணி திருதிருவென்று விழித்தாள். "கடைக்குப் பேரெல்லாம் இல்லைங்க."

"எங்க க்ளினிக்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றோம். இதுல என்னவோ தளிர்னு போட்டிருந்ததால வேற யாரோன்னு நினைச்சேன். உங்ககிட்ட ஒரு செடி வாங்கினேன், 'பூ இந்த வருஷம் இல்லை'ன்னு போட்டிருந்தது. அது மட்டும் இல்லைன்னா ஆறே மாசத்துல தூக்கிப் போட்டிருப்பேன். இப்ப பால்கனி பூரா பூ." அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "நானும் வலிக்கும்னு முதல்லயே சொல்லிட்டுத்தான் ஊசி போடுவேன். அப்படிச் சொன்னாத்தான் மறுபடி வருவாங்க."

"அதான் நான் உங்ககிட்ட வர்றதில்லை" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

செயலாளர் ரப்பர் செடியைக் காட்டினார். "சரிம்மா, இது எப்படி? நல்லாத்தானே இருக்கு?"

அண்ணி எழுந்து போய் இலையைப் புரட்டிப் பார்த்தாள்.

"நல்ல செடிங்க. இந்த மூலையில வெளிச்சம் கம்மி. நானும் இங்க இதைத்தான் வச்சிருக்கணும். என் செடியைக் கொண்டாந்தது தப்பு, ஆசைப்பட்டுட்டேன். மேல நடையில ஜன்னல் இருக்கு, அங்க என்னோடது நிக்கும்."

என் தொழிலில் இப்படி ஒரு வாக்கியத்தை யாரும் எழுத அனுமதிக்க மாட்டார்கள். எழுதியிருந்தால் நானே அடித்திருப்பேன்.

கால் மணி நேரம் தங்களுக்குள் பேசிவிட்டு முடிவு சொன்னார்கள். கீழ்க்கூடம் பெரிய கடைக்கு. எட்டு மாடி நடைகளும், மொத்தக் கட்டடத்தின் பராமரிப்பும் அண்ணிக்கு. ஒரே நிபந்தனை, எல்லாத் தொட்டியிலும் குச்சி இருக்க வேண்டும், ரப்பர் செடிக்கும் சேர்த்து. அண்ணி அங்கேயே குனிந்து விரலை மண்ணில் விட்டுப் பார்த்தாள். ஈரம் சொதசொதவென்று இருந்தது. 'ஆளாளுக்கு ஊத்தாதீங்க' என்று எழுதிச் செருகினாள். செயலாளர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கட்டுக் குச்சியையும் பென்சிலையும் என் முன்னால் போட்டாள் அண்ணி. மாடிகளுக்கு அறுபத்துநான்கு எழுத வேண்டும், அவள் ஒருத்தி கையால் ஆகாது. செடி ஒவ்வொன்றையும் பற்றி அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"இது ரொம்ப அழகா இருக்கு. மாத்து."

மாற்றினேன்.

"இதுல நீதான் தெரியறே. செடியைக் காணோம்."

ஆறு குச்சிகள் இப்படி வீணாயின. ஏழாவது செடி மேலே பச்சையாகவே இருக்குமாம், உள்ளே வேர் அழுகிக்கொண்டிருந்தாலும் காட்டிக்கொள்ளாதாம். கொஞ்ச நேரம் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினேன்: 'நல்லா இருக்கேன்னு சொல்லும். நம்பாதீங்க. அடியில தொட்டுப் பாருங்க.'

அண்ணி வாசித்தாள். என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அதைத் தொட்டியில் செருகிவிட்டு, அடுத்த செடியை என் பக்கம் நகர்த்தினாள்.