எர்மெலிண்டா மடை திருப்பிய காலை

1

இந்தக் கதை எனக்கு பாசிலியோவின் உள்ளங்கையிலிருந்து கிடைத்தது. சந்தையில் கம்பளி மூட்டையை இறக்கும்போது அவன் கையில் கயிறு அறுத்த தழும்பைப் பார்த்தேன்.

"என்னப்பா இது?"

"லாரி இழுத்தேன்."

"யாரோட லாரி?"

"என்னைக் கெடுக்க வந்த லாரி. நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

இப்படிச் சொன்னால் எழுதாமல் எப்படி இருப்பது?

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஆண்டிஸ் மலையின் உச்சியில் வெண்பனி போர்த்திய…' (சுற்றுலா விளம்பரம். அடித்துவிட்டேன்.)

பிறகு: 'தண்ணீரின் அருமை தெரிந்தவள் எர்மெலிண்டா…' (பள்ளிக்கூடச் சுவரில் எழுதுகிற வாசகம்.)

கடைசியில்: அன்று காலை எர்மெலிண்டா மண்வெட்டியோடு சதுப்புக்குப் போனாள். இது போதும். தினமும் போகிறவள்தான். வாய்க்காலை ஓரிடத்தில் வேரோடு வெட்டிய புல்பத்தை வைத்து அடைத்து, இன்னோரிடத்தில் திறந்து, சதுப்பு முழுக்கத் தண்ணீரைப் பரப்பிவிடுவாள். மழை இல்லாத மாதங்களில், கம்பளிக்காக அவள் வளர்க்கிற அல்பாக்காக்களுக்குப் பச்சை அங்கேதான். கீழூர் மொச்சைக் கொல்லைக்குப் போகிற ஓடை கசிவதும் அங்கிருந்துதான்.*

* சதுப்பு என்றதும் நமக்குச் சேறும் கொசுவும்தான் ஞாபகம் வரும். இங்கே கால் வைத்தால் மெத்தை. அடியில் ஆள் ஆழத்துக்கு மக்காத வேரும் புல்லும் ஊறிக் கிடக்கும். "மலை குடிச்சு வச்சிருக்கிற தண்ணி" என்பாள் எர்மெலிண்டா.

3

பாசிலியோவை முதல் வரைவில் பேராசைக்காரனாக எழுதியிருந்தேன். மீசைகூட வைத்தேன். பொய். அவன் எர்மெலிண்டாவுடைய புருஷனின் தம்பி. போன வருஷத்து உறைபனியில் அவனுடைய மந்தை மொத்தமும் செத்துப்போனது. கடற்கரை நகரத்துச் செடிப்பண்ணைக்காரன் ஒருவன், தொட்டிகளில் போட இந்தச் சதுப்பு மண் வேண்டும் என்று ஆள் அனுப்பினான். பாசிலியோ ஒரு மூலையில் வெட்டத் தொடங்கினான்.

"ஒரு மூலைதானே அண்ணி. இவ்ளோ பெரிய சதுப்பு!"

"குடத்துல ஓட்டை எவ்ளோ பெருசுன்னு பாத்தா தண்ணி ஒழுகும்?"

"எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லுங்க."

அவன் கேட்டது நியாயம்தான். அதுதான் அவளை உறுத்தியது. வெட்டிய குழிக்குக் கீழே, அவளுடைய மாடசாமி போன்ற (இல்லை, இந்த ஊரில் மாடசாமி கிடையாது, பழக்கதோஷம்), அவள் தினமும் கும்பிடுகிற ஊற்று வற்றத் தொடங்கியிருந்தது.

4

லாரி வந்த காலையில் அவள் மடையை வண்டித் தடத்துப் பக்கம் திருப்பினாள். அன்று அந்தப் பக்கத்து முறை.

"சொல்லிட்டுத்தான் திருப்பினேன்," என்கிறாள் அவள்.

"சொல்லவே இல்ல," என்கிறான் அவன்.

(கதாசிரியன் இருவரிடமும் சாப்பிட்டவன். ஒதுங்கிக்கொள்கிறேன்.)

பாரம் ஏற்றிய லாரி நான்கு சக்கரமும் புதைய உட்கார்ந்தது. டிரைவர் ரெய்னால்டோ பதறிப்போனான். "அம்மா, வண்டி உள்ள போகுதும்மா!"

"பசிச்சிருக்கும், மலைக்கு," என்றாள் எர்மெலிண்டா.

ஓடை குறைந்துபோனதற்குச் சண்டை போடவென்று கீழூரிலிருந்து புறப்பட்டு வந்த மொச்சைக்காரர்கள் லாரி கிடந்த கோலத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துச் சண்டையை மறந்தார்கள். பாரத்தை இறக்காமல் வண்டி அசையாது. இறக்கிய பத்தைகளை எங்கே போடுவது? வெட்டிய குழிதான் பக்கத்தில் இருந்தது. பாசிலியோ முழங்கால் தண்ணீரில் குழிக்குள் நின்று, ஒவ்வொன்றாக வாங்கி, பச்சை மேலே வரும்படி அடுக்கினான். யாரும் சொல்லவில்லை.

"அண்ணி, இது எப்ப ஒட்டும்?"

"உன் பொண்ணு பாட்டியாகட்டும், வந்து பாக்கலாம்."

அவன் முகம் தொங்கிப்போனது. அவள் மண்வெட்டியைக் கரையில் ஊன்றினாள்.

"என்கிட்ட சினைப்பட்டது நாலு இருக்கு. வாரத்துக்கு வளக்கப் புடிச்சுக்கோ. குட்டியில பாதி உனக்கு."

"அண்ணன் ஒத்துக்குவாரா?"

"ஏன், மந்தை உங்கண்ணனுதா?"

பிறகு எல்லோரும் கயிற்றைப் பிடித்தார்கள். லாரி வெறும் வண்டியாக வெளியே வந்தது. ரெய்னால்டோவுக்கு உருளைக்கிழங்கு சூப் கொடுத்து, இரண்டாம் முறையும் ஊற்றி, அனுப்பிவைத்தார்கள்.

5

வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். ஊர்க்கூட்டத்தில் எர்மெலிண்டா பேசி எல்லோரையும் அழவைப்பது ஒன்று. (அவள் கூட்டத்தில் தூங்குகிறவள்.) பெரிய லாரி ஒன்று திரும்பி வருவது இன்னொன்று. அது நடக்கலாம், ஆனால் இன்னும் நடக்கவில்லை.

நடந்தது இதுதான்: குட்டிகள் பிறந்தன. ஓடை இந்தக் கோடையில் ஓடுகிறது. பாசிலியோ இப்போது அண்ணியோடு மடை திருப்பப் போகிறான்.

6

போன வாரம் நானும் போய் அந்த மூலையில் நின்றேன். சில பத்தைகள் பச்சையாக இருந்தன. சில பழுத்திருந்தன. இரண்டு பத்தைக்கு நடுவே விரலை விட்டேன், ஆழமாகவே போனது. ஒட்டிவிட்டது என்று எழுத ஆசை. பேனாவை எடுத்து 'வேர்கள் ஒன்றையொன்று' என்று தொடங்கி

நிறுத்திவிட்டேன். இது என் ஆயுசுக்குள் தெரிகிற சங்கதி இல்லை. உங்கள் பேத்தி எவளாவது அந்தப் பக்கம் போனால், குனிந்து விரலை விட்டுப் பார்த்து, மீதியை அவளே எழுதிக்கொள்ளட்டும்.