வாய்விட்டுச் சொல்லாத எடை

முள் ஆடிக்கொண்டிருக்கிறது, தராசுத் தொட்டிக்குள் குழந்தை காலை உதைக்க உதைக்க இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் போய்வந்துகொண்டே இருக்கிறது, செத்த நேரம் ஆடாம இருடி தங்கம் என்கிறேன், சொன்னதும் அது தலையை என் பக்கம் திருப்புகிறது, பிறந்து நாலே நாள், காய்ச்சலோடு வந்த பிள்ளை, கண் கூடச் சரியாகத் திறக்கவில்லை, ஆனால் குரல் வந்த திசை அதற்குத் தெரிகிறது, அதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், எது எதையோ மறந்து தொலைக்கிற எனக்கு அந்தத் திரும்பல் மட்டும் மறக்கமாட்டேன் என்கிறது, முள் நிற்கிறது, இரண்டு கிலோ நானூறு, சொல்ல வாயைத் திறக்கிறேன், குழந்தையின் அம்மா மாரீஸ்வரி என் மணிக்கட்டைப் பிடிக்கிறாள், இருபது வயதுகூட இருக்காது, சிஸ்டர், சத்தமாச் சொல்லிராதீங்க சிஸ்டர், கண்ணு பட்டுரும்.

சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் எங்கள் குழந்தைகள் வார்டில் விதி, தராசில் நிற்கிறவள் எடையை உரக்கச் சொல்ல வேண்டும், மேசையில் இருக்கிறவள் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் சீட்டில் எழுத வேண்டும், அமலோற்பவம் சிஸ்டர் அப்படித்தான் கத்துவாள், வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் அவளைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார்கள், எங்கள் ஊர்ப் பக்கம் பச்சைப் பிள்ளையின் எடையை நாலு பேர் காதுபட யாரும் சொல்லமாட்டார்கள், கன்னத்தில் மை வைத்து, இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டிக் கொண்டுவருகிற பிள்ளையை நாங்கள் ஏலம் போடுகிற மாதிரி கூவினால் அவர்களுக்கு வயிறு எரியாதா, வேண்டாமென்று யாராவது கேட்டுக்கொண்டால் நான் கூவமாட்டேன், உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டு பிறகு சீட்டில் எழுதிவிடுவேன், நீங்கதான் சிஸ்டர் நல்ல சிஸ்டர் என்பார்கள், அந்த நல்ல பேருக்கு நாயாய் அலைந்தேன், வேறென்ன சொல்ல. அன்றைக்கும் கையில் இரண்டு நானூறு என்று எழுதினேன், அடுத்து சளி பிடித்து வந்த இரண்டு மாதப் பையன், நாலு கிலோ நூறு, அதையும் அதன் கீழேயே எழுதினேன், பெயர் எழுதவில்லை, என் கைதானே, எனக்குத் தெரியாதா, அதற்குள் மூன்றாம் கட்டிலில் குளுக்கோஸ் ஊசி கழன்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள், ஓடினேன், திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்து இரண்டு சீட்டிலும் எழுதினேன், மாற்றி எழுதினேன், மாரீஸ்வரி பிள்ளைக்கு நாலு நூறு. புத்தி எங்கே மேயப் போயிருந்தது, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பையனுக்கு ஒன்றும் இல்லை, வெறும் ஆவி பிடித்துவிட்டு இரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விட்டான், இவளுக்குத்தான் ஊசி, கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற மருந்து, அளவு மீறினால் காது நரம்பைத் தின்றுவிடும், அது எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும், டாக்டர் சீட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டார், பிள்ளை துணிக்குள் சுருண்டு கிடந்தது, மருந்து அறையில் இருந்தவர் சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, நாலு கிலோவா சிஸ்டர், நாலு நாள் புள்ளைன்னு போட்டிருக்கு என்றார், அவர் கேட்டார், கடவுளே, ஒரு மனுஷன் கேட்டார், எழுதியிருக்குல்ல, கண்ணு தெரியலையா என்றேன், என் வாய்க்கொழுப்பு. மறுநாள் எனக்கு விடுப்பு, எடை பார்த்த அமலோற்பவத்துக்கு முள் இரண்டு நானூறில்தான் நின்றது, அந்தத் தராசு அடிக்கடி சிக்கிக்கொள்ளும், மறுபடியும் கெட்டுப்போச்சு சனியன் என்று சொல்லிவிட்டு நான் போட்ட எடையையே பார்த்துப் போட்டுவிட்டாள், அடுத்தடுத்த நாளில் வந்தவர்களும் அதையே பார்த்து எழுதினார்கள், நீ போட்டா சரியாத்தாம்மா இருக்கும்னு நெனச்சேன் என்று அமலோற்பவம் பிறகு சொன்னாள், மருந்து அளவு மீறுகிறதா என்று மூன்றாம் நாள் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைக்குப் பொங்கல் விடுமுறை குறுக்கே வந்தது, ஏழு நாளில் நிறுத்த வேண்டிய ஊசியை நிறுத்தச் சொல்லப் பெரிய டாக்டர் ஊரில் இல்லை, பத்து நாள் ஓடியது, ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் பெரிய தப்பே இல்லை, யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று காலையில் நான்தான் எடை பார்த்தேன், முள் இரண்டரையில் நின்றது, சீட்டைப் பார்த்தேன், முள்ளைப் பார்த்தேன், பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு லிட்டர் குளுக்கோஸ் பை இரண்டைத் தொட்டியில் வைத்தேன், முள் இரண்டைக் கொஞ்சம் தாண்டி நின்றது, தராசில் கோளாறே இல்லை, உள்ளங்கையை விரித்துப் பார்க்கிறேன், பத்து நாளில் எத்தனை தடவை கழுவிய கை, ஒன்றுமில்லாத கை, ஆனால் மேலே ஒரு எண்ணும் கீழே ஒரு எண்ணும் எனக்குத் தெரிகின்றன. அப்போதாவது டாக்டரிடம் ஓடியிருக்கலாம், ஓடவில்லை, வேலை போய்விடும், நல்ல பேர் போய்விடும், ஒரு புதுச் சீட்டை எடுத்துப் பத்து நாள் எடையையும் உட்கார்ந்து திருத்தமாக எழுதி, பழையதைக் கிழித்துப் போட்டேன், கும்பிட்டுவிட்டுப் போகிறேன் என்று மாரீஸ்வரி வந்தாள், அவள் தோளில் கிடந்த பிள்ளையின் பின்னால் போய் நின்று தங்கம் என்றேன், தங்கம், தங்கம் என்று மூன்று தடவை கூப்பிட்டேன், திரும்பவில்லை, தூங்குது போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், கண் திறந்துதான் இருந்தது.

ஆறு வருஷம், ஊர் மாறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துவிட்டேன், மத்தியானம் கண்ணசந்தால் தராசு வரும், தொட்டியில் நானே கிடப்பேன், யாரோ என் எடையைச் சொல்வார்கள், வாய் அசையும், சத்தம் வராது, எழுந்து தண்ணீர் குடிப்பேன். இன்றைக்குப் புதன்கிழமை, தடுப்பூசி நாள், வரிசையில் மாரீஸ்வரி நிற்கிறாள், அதே மாரீஸ்வரிதான், கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள், இடுப்பில் இரண்டரை மாத ஆண்பிள்ளை, கையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயசுப் பெண், ஐயோ சிஸ்டர், நீங்களா, நல்லாருக்கீங்களா, ஞாபகம் இருக்கா, உங்ககிட்டதான் இவளக் காட்டினேன், தனுஷ்யா, காது கேக்காதுல்ல சிஸ்டர், மதுரைல அதுக்குன்னு இருக்கிற பள்ளிக்கூடத்துல சேத்திருக்கோம் என்கிறாள், வருத்தமில்லாமல் சொல்கிறாள், அதுதான் என்னைக் கொன்றது, பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, எல்லாம் எங்க மதினி கண்ணு, வீட்டுக்காரரோட அக்கா, ஆசுபத்திரிக்கு வந்து புள்ள மொழுமொழுன்னு இருக்கேன்னு சொல்லிட்டுப் போனா, அன்னைக்கே இவளுக்குக் காது போச்சு, அதுல இருந்து அவகிட்டப் பேச்சு கெடையாது, போன வருஷம் அவ புருஷன் செத்ததுக்குக்கூட நாங்க போகல, நீங்க இவனுக்கும் எடைய வாய்விட்டுச் சொல்லிராதீங்க சிஸ்டர்.

பையனை வாங்கித் தொட்டியில் போடுகிறேன், முள் ஆடுகிறது, புருஷன் செத்த வீட்டில் தம்பி வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பாளே, நான் பார்த்தேயிராத அந்தப் பொம்பளை, இதைச் சொல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை, சொன்னால் இந்தப் பிள்ளைக்குக் காது வந்துவிடுமா, தனுஷ்யா என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள், குனிந்தேன், கேட்காத பிள்ளைதானே என்று அவளிடம் முணுமுணுத்தேன், நான்தான் கண்ணு, உன் எடையை நான்தான் தப்பா எழுதினேன், அவள் சட்டென்று கையை நீட்டி என் தொண்டையில் வைத்தாள், பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பழக்குவார்கள், பேசுகிறவர் தொண்டையைத் தொட்டுப் பேச்சைப் படிக்க, குட்டிக் குட்டி விரல்கள், இன்னும் சொல்லு என்கிற மாதிரி அழுத்துகிறாள், நான் நிமிரவில்லை, மாரீஸ்வரியைப் பார்த்து, உங்க மதினி ஒண்ணும் பண்ணலம்மா என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன், உள்ளங்கை, ஊசி, கிழித்துப் போட்ட சீட்டு, வரிசையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள், கேட்கட்டும். அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை, அப்ப மதினி, என்றாள், முந்தானையால் வாயைப் பொத்தினாள், பிறகு முந்தானையை எடுத்துவிட்டு, எம்புள்ள அன்னைக்கு எத்தனை கிலோ இருந்தா, வாய்விட்டுச் சொல்லு என்றாள், சிஸ்டர் என்றும் இல்லை, நீங்கள் என்றும் இல்லை.

இரண்டு கிலோ நானூறு என்றேன், உரக்கச் சொன்னேன், என் தொண்டை அதிர்ந்ததில் தனுஷ்யா சிரித்தாள், முள் இன்னும் நிற்கவில்லை, தொட்டிக்குள் கிடந்த அவள் தம்பி குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினான்.