ஒத்திகைக்கு உட்கார்ந்தவள்

அக்காவுக்கு அந்த ஆய்வில் வேலை கிடைத்தபோது வீட்டில் முதலில் குதித்தது தங்கைதான். பதினைந்து வயது. வாய் ஓயாததால் சில்வண்டு என்று பெயர். அப்பா வைத்தது. அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

வேலை இதுதான். பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளைகளைச் சந்தித்துக் கேள்வி கேட்க வேண்டும். ஒரே மாதிரி அடி வாங்கிய பிள்ளைகளில் சிலர் மனச்சோர்வில் மூழ்கித் தங்களையே காயப்படுத்திக்கொள்கிறார்கள். சிலர் எப்படியோ எழுந்து நடக்கிறார்கள். அந்த ‘எப்படியோ’ என்ன என்று கண்டுபிடிக்கத்தான் ஆய்வு. கேள்விகளைப் பேராசிரியர் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு சொல் மாறக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, பிள்ளை அழுதால் சேர்ந்து அழக் கூடாது.

அக்காவுக்கோ தன்மேல் நம்பிக்கை என்பதே கிடையாது. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம். ஆகவே சாயங்காலம் சாப்பாட்டு மேசையைத் துடைத்ததும் கேள்விகளை எடுத்துக்கொண்டு ஒத்திகைக்கு உட்காருவாள். எதிரில் தங்கை.

“இன்னிக்கு நான் யாருக்கா? தேறின புள்ளையா, மூழ்கின புள்ளையா?”

“மூழ்கின புள்ளை. ஆனா ரொம்ப நடிக்காதே. நேத்து மாதிரி மேசையில விழுந்து புரண்டா எனக்குச் சிரிப்பு வந்துடும்.”

“சரி மேடம். கேளுங்க மேடம்.”

அப்புறம் தங்கை தோளைத் தொங்கப்போட்டு, மேசை ஓரத்தைப் பார்த்தபடி மெல்லப் பேசுவாள். எல்லாரும் பேசுறது பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரிக் கேக்குது என்பாள். பள்ளிக்கூடத்தில சிரிக்கிறேன், வாய்தான் வலிக்குது என்பாள். தன்னையே காயப்படுத்திக்கொள்வது பற்றிய கேள்வி வரும்போது, “யாருகிட்டப் போய்ச் சொல்றது? எல்லாருக்கும் வேலை இருக்கு” என்பாள். அக்காவுக்கு அடுத்த கேள்வி மறந்து போகும்.

“அடிப்பாவி! எங்கே கத்துக்கிட்டே இதையெல்லாம்? பிச்சு உதறுறே!” என்று கைதட்டுவாள்.

“எனக்கு நாடகக் கம்பெனியில ஒரு இடம் பாரு” என்று சொல்லிவிட்டுத் தங்கை பாத்திரம் தேய்க்க எழுந்துவிடுவாள்.

பாத்திரம், துணி, சமையல் எல்லாம் அவள் தலையில்தான். அப்பா போன புதிதில் அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அக்கா படிப்பை விட்டுவிட்டுப் படுக்கையில் சுருண்டாள். அடுப்பைப் பற்றவைத்தது சின்னவள்தான். அதற்குப் பிறகு அக்கா எழுந்து படிப்பை முடித்தாள். அம்மாவும் தேறி, ரொட்டி சுடும் கடையில் மாவு பிசையும் வேலைக்குப் போனாள். விடியும் முன் போனால் மத்தியானம் திரும்புவாள். அங்கே அவளுக்கு ஒரே பாட்டு: “என் சின்னது கல்லு. அது இல்லேன்னா நாங்க ரெண்டு பேரும் கரைஞ்சு போயிருப்போம்.”

ஆய்வில் மூழ்கிய பிள்ளைகள் வேண்டிய மட்டும் கிடைத்தார்கள். தேறிய பிள்ளைகளுக்குத்தான் பஞ்சம். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாமல் பேராசிரியர் ஒரு கூட்டத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, அக்கா வாயைத் திறந்தாள்.

“என் தங்கச்சி இருக்கா மேடம். அப்பா போனப்ப எங்களைத் தாங்கினதே அவதான்.”

கூட்டத்தில் அவள் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. பேராசிரியரின் முகம் மலர்ந்தது. சொந்தத் தங்கையை அவளே பேட்டி எடுக்க முடியாது என்பதால் நர்ஸம்மாவிடம் விட்டார்கள். மருத்துவமனை வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆய்வுக்கு வந்தவர் அவர். அம்மா பெருமையோடு சம்மதம் சொன்னாள். கேள்விகள் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரியுமா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பூட்டை இழுத்துப் பார்க்கிற அக்காவுக்குமே தோன்றவில்லை.

பேட்டி முடிந்து தங்கை துள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். “பாஸ்!” என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடினாள். பின்னாலேயே நர்ஸம்மா டீயோடு வந்து அக்காவின் மேசை ஓரத்தில் உட்கார்ந்தார்.

“உன் தங்கச்சி நல்லாப் பேசுறா.”

“சரியான வாயாடி.”

“நான் கேள்வியை முடிக்கிறதுக்குள்ள பதில் வந்துடுது. ‘போன ரெண்டு வாரமா’ன்னுதான் ஆரம்பிக்கிறேன். ‘நல்லாத் தூங்குறேன்’ங்கிறா. நான் இன்னும் தூக்கத்துக்கே வரலை.”

அக்கா சிரித்தாள். “வீட்டுல அவளை வெச்சுத்தானே ஒத்திகை பார்த்தேன். எல்லாம் மனப்பாடம்.”

நர்ஸம்மா சிரிக்கவில்லை. “அப்போ இந்தப் பேட்டி செல்லாது. மேடத்துக்கிட்ட நானே சொல்லிடறேன். அது கிடக்கட்டும். ஒத்திகையில அவ என்னவா நடிப்பா?”

“ரெண்டுமாத்தான். மூழ்கின புள்ளையா நடிச்சா உங்களுக்கே அழுகை வந்துடும்.”

“தேறின புள்ளையா நடிச்சா?”

அக்கா நினைத்துப் பார்த்தாள். நல்லாத் தூங்குறேன், நல்லாச் சாப்பிடுறேன், ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க. எந்த வீட்டுப் பிள்ளையும் சொல்லக்கூடிய, உப்புச் சப்பில்லாத பதில்கள். மூழ்கின பிள்ளையின் பதில்களில்தான் விவரம் இருந்தது. ரேடியோ இருந்தது, வாய் வலி இருந்தது. எல்லாருக்கும் வேலை இருக்கு என்றபோது தங்கையின் பார்வை ஒரு கணம் அம்மாவின் அறைப் பக்கம் போய் வந்தது.

“சும்மா விளையாட்டுக்கும்மா அது” என்றாள்.

“இருக்கலாம். நான் அவளைப் பார்த்ததே கொஞ்ச நேரம். எனக்குத் தெரியாது. நீ கேட்டுப் பாரு. இந்தக் கேள்வித் தாளை எடுத்துட்டுப் போகாதே.”

“நான் கேட்டு, அதனாலேயே அவளுக்கு அந்த நினைப்பு வந்துட்டா?”

“பயிற்சியில என்ன சொன்னாங்க? கேக்கறதால வராது.”

அதே வார்த்தையை அக்கா எத்தனையோ பெற்றோர்களிடம் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்திருக்கிறாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது அம்மா உள்ளறையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்காவும் ஒரு துண்டை எடுத்து மடித்தாள்.

“குடுக்கா இப்படி. நீ மடிச்சா நான் மறுபடி மடிக்கணும்.”

“கோணலா இருந்தா என்னவாம்?”

“சரிங்க, கோணல் மகாராணி. இன்னிக்கு நான் யாரு?”

“ஒத்திகை இல்லைடி இன்னிக்கு.”

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தாளில் இருந்த வாக்கியங்களே நாக்கு நுனியில் வந்து நின்றன. ஒன்றை விழுங்கினால் அடுத்தது வந்தது. கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, “நீ உன்னைக் காயப்படுத்திக்கிறியா?” என்றாள்.

தங்கை தலையணை உறையின் ஓரங்களைச் சேர்த்துப் பிடித்தாள். “இது எத்தனாவது கேள்வி?”

“இது நான் கேக்குறது.”

“ஆமான்னா என்ன பண்ணுவே? நான் உடைஞ்சா நீ மறுபடி படுத்துடுவே. அம்மா சுவரைப் பார்ப்பாங்க. அப்புறம் யாருக்கா சமைக்கிறது?”

நான் படுத்துவிட மாட்டேன் என்று சொல்ல வேண்டும். அது உண்மையா என்று அக்காவுக்கே தெரியவில்லை. “தெரியலைடி” என்றாள். “ஆனா சமைக்க வேண்டாம். அம்மா கொண்டு வர்ற ரொட்டியைத் தின்னுக்கிட்டுக் கிடப்போம்.”

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு முகத்தில் தங்கவில்லை. உறையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“ஆமாக்கா. ரொம்ப நாளா. ஒத்திகையில சொன்னா நீ கண்டுபிடிச்சுடுவேன்னு நெனச்சேன். நீ கைதட்டினே.”

அக்கா அவள் அருகில் நகர்ந்து உட்கார்ந்தாள். இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். “செத்துப் போகணும்னு தோணுதா?”

“சில நாள். இன்னிக்கு இல்லை.”

அக்கா எழுந்தாள். தங்கை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மாவை எழுப்பாதே. உன்கிட்டதான் சொன்னேன். எழுப்பினா இனிமே உன்கிட்ட எதுவுமே சொல்ல மாட்டேன்.”

“இதை நான் மட்டும் வெச்சுக்க முடியாதுடி.”

“அக்கா!”

பிடித்த கையை ஒவ்வொரு விரலாக விடுவித்துக்கொண்டு அவள் உள்ளே போய் அம்மாவை எழுப்பினாள்.

“சின்னதா? அது கல்லாச்சே...” என்று ஆரம்பித்த அம்மா, பாதியிலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு போய் மடித்த துணிகளின் மேலேயே உட்கார்ந்து சின்னவளை மடியில் இழுத்துக்கொண்டாள். அன்று மூவரும் ஒரே அறையில் படுத்தார்கள். யாரும் சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் அக்கா விஷயத்தைச் சொன்னதும் பேராசிரியரே மனநல ஆலோசகரிடம் நேரம் வாங்கித் தந்தார். அம்மா வேலைக்குப் போகவில்லை. போகிற வழியில் தங்கை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அக்கா பக்கம் திரும்பவே இல்லை. ஆலோசகர் வந்து அவளை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

“உள்ளே என்ன பேசுவாங்க?” என்றாள் அம்மா.

“தெரியலைம்மா.”

“நீ பாக்கிற வேலைதானே இது?”

“இல்லைம்மா. நான் கேக்க மட்டும்தான் செய்வேன்.”

அம்மா அழவில்லை. நகத்தில் ஒட்டியிருந்த காய்ந்த மாவைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. தங்கை தலையை மட்டும் நீட்டினாள். அழுது முகம் வீங்கியிருந்தது. நாற்காலி நுனிக்கு வந்திருந்த அக்காவைத் தாண்டிப் பார்த்தாள்.

“அம்மா, நீங்க வாங்க. அம்மா மட்டும்.”

அம்மா போக, அக்கா கால்களை மடக்கி வழிவிட்டாள்.