எறிந்த கல்லுக்கு ஒரு காரணம்

“சும்மாதான் அம்மா” என்றான் இராகுலன்.

கமலேஸ்வரி கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்றாள். சம்பூரிலிருந்து பஸ் மாறி மாறித் திருகோணமலை மறியற்சாலைக்கு அவள் வந்தது இந்த ஒரு சொல்லைக் கேட்கவா? சீனன்குடாவில் ஒரு கராஜில் வேலை செய்த அவளுடைய மகன், ஒரு நாள் இருட்டுப்பட்ட பிறகு கூட்டாளிகளோடு தண்டவாளத்தடியில் நின்று கொழும்பு ரயிலுக்குக் கல்லெறிந்திருந்தான். மற்றவர்களின் கற்கள் பெட்டியில் பட்டுத் தெறித்தன. இவனுடையது யன்னலை உடைத்து, உள்ளே இருந்த பஸ்மியா என்ற கிண்ணியாப் பிள்ளையின் வலது கண்ணைப் பறித்துவிட்டது.

“சும்மா எண்டா? ஆரும் ஏவிவிட்டவங்களா? குடிச்சிருந்தனியா?”

“இல்லை.”

“ஆரிலயும் கோவமா?”

“உள்ளுக்கு ஆர் இருக்கினமெண்டே தெரியாது. யன்னலில வெளிச்சம் மட்டும் தெரிஞ்சது. எறிஞ்சம். கண்ணாடி உடைஞ்சோடனே சந்தோசமா இருந்தது. பிறகுதான் சனம் கத்தினது கேட்டது.” கம்பிவலையில் விரலைக் கோத்துக்கொண்டு, “அதுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் சந்தோசமாத்தான் இருந்தது” என்றான்.

சட்டத்தரணியிடம் ஒரு காரணம் இருந்தது. “கைக்குழந்தையா இடம்பெயர்ந்தவன். தகப்பன் சண்டையில ஷெல் பட்டுச் செத்துப்போயிட்டார். கட்டைபறிச்சான் அகதி முகாமில தகரத்துக்குக் கீழ வளந்த பிள்ளை. இதை நீதவானுக்கு முன்னால நீங்கள் அழுது சொன்னாக் காணும், அம்மா.”

அத்தனையும் உண்மை. ஆனால் அதே தகரத்தின் கீழ்தான் மூத்தவள் கீர்த்தனியும் வளர்ந்தாள். இப்போது மூதூரில் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அவள் யாருக்கும் கல்லெறியவில்லையே.

வீட்டில் கமலேஸ்வரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. உலையை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போவாள். போன காரியம் மறந்து திரும்பி வருவாள். எங்கே பிழைத்தது என்று மகனின் சின்ன வயதைக் கிளறிக்கொண்டே இருந்தாள். ஓணானுக்கு எறிந்தான்தான், எந்தப் பெடியன் எறியவில்லை? அவள் அவனை அடித்தது கூடிப்போயிற்றா, குறைந்துபோயிற்றா? அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்தை விட்டு அசையாமல் கால் பிடித்துவிட்டவனும் இவன்தான். “சிலது கெட்டதுக்கெண்டே பிறக்கிறது” என்று அயலில் ஒருத்தி சொன்னாள். அப்படி இருந்துவிட்டால்கூடப் பரவாயில்லை, யோசிக்கிற வேலையாவது முடியும் என்று கமலேஸ்வரிக்கு ஒரு கணம் பட்டது. பட்டவுடனேயே எழும்பி உலையடிக்குப் போனாள்.

மறியலுக்குப் போகும் பஸ் கிண்ணியாவைத் தாண்டித்தான் போகும். அடுத்த முறை அவள் அங்கே இறங்கி, விசாரித்து விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தாள்.

கதவைத் திறந்தது பஸ்மியாவின் தாய் உம்மு குல்சும். வந்தது யாரென்று தெரிந்ததும் அந்த மனுசியின் முகம் இறுகியது. ஆனாலும் விலகி வழிவிட்டாள். உள்ளே பஸ்மியா ஒரு கண்ணில் கட்டோடு கதிரையில் இருந்தாள்.

“மன்னிப்புக் கேக்க வந்தீங்களா? அது பிறகு” என்றாள் உம்மு குல்சும். “ஏன் எறிஞ்சாரென்டு முதல்ல சொல்லுங்க. என்ட புள்ள அதைத்தான் கேட்டுக்கிட்டே கிடக்கிறாள்.”

முகாம், ஷெல், தகரம் எல்லாம் கமலேஸ்வரியின் நாக்குவரை வந்தன. பிள்ளையின் கண்கட்டைப் பார்த்துக்கொண்டு அவற்றைச் சொல்ல அவளால் ஏலவில்லை.

“சும்மா எறிஞ்சவனாம்.”

“சும்மாவா? அப்ப அவன் மனுசனில்ல, சைத்தான்!”

“சைத்தான் எண்டா நான் கைகழுவிப்போட்டு வீட்டில இருந்திருப்பன், தங்கச்சி!” கமலேஸ்வரியின் குரல் அவளையறியாமல் எழும்பிவிட்டது. “அவன் என்ர பிள்ளை. என்ர பிள்ளையே இதைச் செய்தவன். அதுதான் எனக்கு விளங்கேல்லை.”

பஸ்மியா அப்போதுதான் வாயைத் திறந்தாள். “என்னைக் கண்டவரா? என்ட முக்காட்டைக் கண்டவரா?”

“இல்லைப் பிள்ளை. வெளிச்சத்தை மட்டும்தானாம்.”

“நான் ஆருக்கு என்ன செஞ்சனென்டு யோசிச்சு யோசிச்சு...” அவள் பாதியில் விட்டுவிட்டாள். பிறகு, “கண்டிருந்தா எறிஞ்சிருப்பாரா? கேட்டுச் சொல்லுங்க” என்றாள்.

அன்றே கமலேஸ்வரி மகனிடம் அதைக் கேட்டாள். இல்லை என்று சொல்லு, சொல்லு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

இராகுலன் தன் வலக்கையை விரித்துப் பார்த்தான். “கண்டாலும் எறிஞ்சிருப்பன் போலதான் கிடக்கு, அம்மா. கல்லு கையில இருந்தது. எல்லாரும் எறிஞ்சவங்கள்.” அவன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். “எனக்கு என்னை நினைக்கவே பயமாக் கிடக்கு. முகாம் கதையை எடுக்க வேண்டாமெண்டு சட்டத்தரணிக்குச் சொல்லுங்கோ. முகாமே கல்லெறிஞ்சது?”

பிடிபட்ட நாளிலிருந்து அவன் முகத்தில் அவள் தேடியது இந்தப் பயத்தைத்தானா? கிடைத்துவிட்டது என்று சந்தோசப்படவும் அவளால் முடியவில்லை.

வழக்கில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். சிறைத்தண்டனை விழுந்தது. தான் சொன்னபடி முகாம் கதையைச் சொல்லியிருந்தால் தண்டனை குறைந்திருக்கும் என்று சட்டத்தரணி சினந்துகொண்டார். கமலேஸ்வரி நேரே போய்க் கிண்ணியா பஸ்ஸில் ஏறினாள்.

இந்த முறை கதவைத் திறந்தது பஸ்மியா. கமலேஸ்வரி மகன் சொன்னதில் ஒரு சொல்லையும் விழுங்காமல் வாசலில் நின்றபடியே சொன்னாள். பஸ்மியா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“பயமென்டு அவராத்தான் சொன்னவரா?”

“ஓம், பிள்ளை.”

“பயப்படட்டும்” என்றாள் பஸ்மியா. பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

கமலேஸ்வரி தெருவுக்கு வந்தாள். வீட்டுப் பக்கம் போகும் மூதூர் பஸ் வந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்க் கையைக் காட்டினாள்.