பாப்பம்மாள் கேட்ட கை

பழனிக்கு வரும் தலைகளில் பாதி தன் கைக்குத்தான் குனிந்திருக்கிறது என்று பொன்னுச்சாமி பெருமையடித்துக்கொள்வார். அதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மிச்சம் கொஞ்சநஞ்சமல்ல. வீறிட்டுத் துள்ளும் குழந்தைகளுக்குக்கூட ஒரு கீறல் விழாமல் மொட்டை போட்டவர். அந்த வலது கைதான் மாசி மாதம் பக்கவாதத்தில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் வாய் கோணிக் கிடந்தபோது மனைவி பாப்பம்மாள் முருகனிடம் வேண்டிக்கொண்டாள். இந்த மனுசன் எழுந்து வந்து, அதே கையால் தனக்கு மொட்டை போட வேண்டும். உயிரை மட்டும் கேட்டிருக்கலாம். பேராசைக்காரி, கையையும் சேர்த்துக் கேட்டுவிட்டாள்.

உயிர் வந்தது. வாய் நேரானது. கால் இழுத்து இழுத்தாவது நடந்தது. கை மட்டும் அடம்பிடித்தது. ரப்பர் பந்தை அமுக்கினார். பலூனில் சோப்பு நுரை தடவிக் கத்தியால் வழித்துப் பழகினார். வீடெல்லாம் வெடிச் சத்தம். யாருக்குப் பிறந்தநாள் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது பாப்பம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஐப்பசியில் ஒரு பலூன் உடையாமல் தப்பியது. அவ்வளவுதான், மறுநாளே அவரை முடி காணிக்கை மண்டபத்துக்கு இழுத்துப் போனாள். கூட வேலை பார்த்த சிவமுருகன் புது பிளேடு மாட்டிக் கத்தியை நீட்டினார்.

முதல் இழுப்பு சுத்தமாக வந்தது. பொன்னுச்சாமிக்கு மூச்சே திரும்பியதுபோல் இருந்தது. அடுத்ததில் ரத்தம்.

"ஒண்ணுமில்லீங்க, போடுங்க" என்றாள் பாப்பம்மாள். தலை அசையவில்லை.

மறுபடி கத்தியைத் தூக்கினார். விரல்கள் பிடிக்கவில்லை. கத்தி தரையில் விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செத்திருக்கலாம் என்று நினைத்தார்.

சிவமுருகன் கத்தியை எடுத்து வேறு பிளேடு மாட்டிச் சிரைக்கத் தொடங்கினார். பொன்னுச்சாமியின் இடது கை மட்டும் அவள் உச்சந்தலையில் அழுத்தியபடி இருந்தது. எத்தனையோ தலைகளைத் திருப்பிப் பிடித்த கை. அதையாவது செய்வோம் என்றுதான் வைத்திருந்தார்.

"அண்ணே, கைய எடுங்க. அதுக்கடியில மட்டுந்தான் கெடக்கு."

"ஏலே, இரு."

"அவரு எடுக்கும்போது எடுக்கட்டும்" என்றாள் பாப்பம்மாள் குனிந்தபடியே. "நீ வெரசாப் போயி என்ன சோலி பாக்கப்போற?"

உள்ளங்கைக்குக் கீழே ஈரமுடி வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுத்தால் அவள் வேண்டுதல் பொய். தன் தொழிலும் முடிந்தது. வரிசையில் ஒரு குழந்தை வீறிட ஆரம்பித்தது.

பொன்னுச்சாமி கையை எடுத்தார். எல்லோருக்கும் முன்னால் அழுதார்.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசியபோது கீறல் எரிந்திருக்கும். அவள் காட்டிக்கொள்ளவில்லை. எழுந்து, சேலையை உதறிக்கொண்டாள்.

"வாங்க, பந்து வீட்டுல சும்மா கெடக்கு. முடி மறுபடி வளரத்தான செய்யும்."

அவருக்கு நம்பிக்கை துளியும் இல்லை. காலை இழுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.